எல்லாம் டெக்னோ அல்ல: மின்னணு இசையைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

பினாங்கு லிட்டில் இந்தியாவின் கடைவாசல்களில், வேகமான மேளம் சேர்த்து மறுவார்ப்பு செய்த திரைப்பாடல்கள் ஒலிக்கும். அதற்குப் பெயர் டெக்னோ. திருமண விருந்தில் டிஜே போடுவதும் டெக்னோ. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒலிப்பதும், வீட்டுப் பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதும் அதே சொல்லுக்குள் அடங்கிவிடும். பாடகர் இல்லாமல், அதிர்வாக, ஒரே மாதிரி ஓடுகிற எதையும் நம்மவர்கள் டெக்னோ என்றே சொல்கிறார்கள். கூடவே இரண்டு தீர்ப்புகளும் வந்துவிடும். "அது கம்ப்யூட்டர் தானாகப் போடுவது." "ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது?"

முதல் தீர்ப்பு தகவல் பிழை. இரண்டாவது, கேட்கும் முறையில் உள்ள சிக்கல். பல்லவி, சரணம் என்று மெட்டு நகர்வதைக் கேட்டே பழகிய காது, பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிறது. பாட்டு தொடங்கி நெடுநேரம் ஆகியிருக்கும். அது மெட்டில் நடக்கவில்லை, வேறிடத்தில் நடக்கிறது. அந்த இடத்தைக் காட்டத்தான் இதை எழுதுகிறேன். இளையராஜாவில் தொடங்கி டப், ஆசிட், ஜங்கிள், பங்க் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கேட்டு வளர்ந்த ரசிகன் நான். இசை படித்தவன் அல்ல. ஆகவே மேடையில் நின்று வாசிப்பவருக்குத் தேவையான நுட்பங்களை விட்டுவிட்டு, கேட்பவருக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

## தண்ணீர்மலைச் சாலையில் கேட்டது

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில், காவடிக்கு முன்னால் உறுமி மேளம் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அடிப்படை அடி ஒன்றுதான். அது நெடுநேரம் மாறாமல் ஓடும். ஆனாலும் கூட்டத்தில் யாருக்கும் சலிப்பு வருவதில்லை. உறுமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் ஓசை ஒருமுறை நீள்கிறது, மறுமுறை குறுகுகிறது. ஒரு மேளம் விலகுகிறது. அது திரும்பி வந்து சேரும் நொடியில் அதே அடி முன்னைவிடக் கனமாக விழுகிறது. வேகம் சிறிது கூடுகிறது. காவடி எடுத்தவரின் உடல் இந்த மாற்றங்களுக்கெல்லாம் பதில் சொல்கிறது. அடி மாறாமல் இருப்பதால்தான் அதன்மேல் நிகழும் சிறு மாற்றமும் பெரிதாகக் கேட்கிறது.

நடனத்துக்கான மின்னணு இசை இயங்குவதும் இப்படித்தான். உறுமி மேளம் வழிபாட்டோடு பிணைந்தது, அதற்கென்று ஒரு மரபு உண்டு. அதையும் கேளிக்கை விடுதி இசையையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கேட்கும் பழக்கம் மட்டும் ஒன்று. உறுமி மேளத்தில் மெட்டைத் தேடாத காது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் காதை இங்கேயும் கொண்டுவந்தால் போதும்.

## ஒலி எப்படி உருவாகிறது

ஒரு சிறு சோதனை. ஒரே சுருதியில், மூச்சை விடாமல், 'ஊ' என்று தொடங்கி 'ஆ' வழியாக 'ஈ' வரை மெல்லப் போய்ப் பாருங்கள். ஸ்வரம் மாறவில்லை. ஆனால் மங்கலாகத் தொடங்கிய ஒலி திறந்து, கடைசியில் கூர்மையாகிறது. குரல்நாண்கள் தந்தது ஒரே அதிர்வு. வாயும் நாக்கும் உதடும் அந்த அதிர்வின் சில பகுதிகளை அடக்கி, சிலவற்றை எடுத்துக்காட்டின. இப்படி ஸ்வரம் மாறாமலே மாறுகிற தன்மையை ஒலிநிறம் என்று வைத்துக்கொள்வோம். வீணையும் நாதஸ்வரமும் ஒரே ஸ்வரத்தை இசைத்தாலும் நமக்கு வேறுவேறாகக் கேட்பது ஒலிநிறத்தால்தான்.

சிந்தசைசர் என்னும் கருவி இதே வேலையை மின்சுற்றுகளால் செய்கிறது. குரல்நாணின் இடத்தில் ஆஸிலேட்டர்: சீரான மின்னதிர்வை உண்டாக்கும் பகுதி. நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். 440 ஹெர்ட்ஸ் என்றால் மேற்கத்திய வாத்தியக் குழுக்கள் சுருதி சேர்க்கும் அந்த ஸ்வரம். வாயின் இடத்தில் ஃபில்டர்: அதிர்வின் மேல்பகுதியையோ கீழ்ப்பகுதியையோ வடிகட்டும் பகுதி. மூன்றாவதாக என்வலப்: ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் பகுதி. மீட்டியவுடன் சட்டென்று எழுந்து மெல்லத் தேயும் வீணையின் ஒலி ஒருவகை என்வலப். ஊதும்வரை நிற்கும் நாதஸ்வரத்தின் ஒலி இன்னொரு வகை.

இந்த மூன்றுக்கும் திருகுகள் உண்டு. அவற்றை எவ்வளவு திருப்புவது, எப்போது திருப்புவது என்பதை ஒரு மனிதர் காதால் கேட்டு முடிவு செய்கிறார். இன்றைக்கு இந்தப் பகுதிகளெல்லாம் மடிக்கணினியில் மென்பொருளாக இருக்கின்றன; முடிவு எடுப்பது மட்டும் அன்றும் இன்றும் மனிதர்தான். கணினி தானாகப் போடுகிறது என்பவரிடம் ஒரு சிந்தசைசரைக் கொடுத்து, கேட்கத் தகுந்த ஒற்றை ஒலியை உருவாக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் அப்படிச் சொல்லமாட்டார்.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் தம் சிந்தசைசரை அறிமுகப்படுத்தியது 1964இல். ஐந்தே ஆண்டுகளில், 1969இல், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு மூக் கருவி வந்து சேர்ந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அங்கே மின்னணு இசைக்கூடம் ஒன்றை அமைத்தார். இந்தியாவுக்கு இது நேற்று வந்த மோகம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

## பதினாறு பொத்தான்கள்

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற டிரம் மெஷினை வெளியிட்டது. மேள ஒலிகளை மின்சுற்றால் உண்டாக்கி, நாம் சொல்லும் வரிசையில் அடிக்கும் பெட்டி அது. அதன் கீழ்ப்பகுதியில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தி ஒளிரவைக்கிறோமோ அந்த இடத்தில் அடி விழும். வரிசை முடிந்தவுடன் மீண்டும் முதலிலிருந்து ஓடும். இப்படி அடிகளையோ ஸ்வரங்களையோ நினைவில் வைத்து வரிசையாக இசைக்கும் அமைப்புக்கு சீக்வென்சர் என்று பெயர்.

பதினாறு என்றவுடன் மிரள வேண்டாம். மிருதங்க வகுப்பின் வாசலில் நின்றவருக்கும் தெரிந்த சதுச்ர நடைதான் இது. தகதிமி, தகதிமி, தகதிமி, தகதிமி. நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரை. மின்னணு இசை வகைகளின் பெயர்க்காட்டில் வழி கண்டுபிடிக்க இதைவிட நல்ல கைவிளக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே காலால் தட்டிப் பாருங்கள். கிக் என்பது மேளத்தொகுதியின் அடிமேளம், நெஞ்சில் வந்து இடிக்கும் அந்த ஒலி. நான்கு 'த'விலும் கிக் விழுந்தால் நீங்கள் ஹவுஸ், டெக்னோ என்னும் வகைகளின் குடும்பத்தில் இருக்கிறீர்கள். ஹவுஸில் இரண்டாவது, நான்காவது 'த'வில் கைதட்டல் சேரும். ஒவ்வொரு 'தி'யிலும் ஹை-ஹேட் எனப்படும் தாளத்தட்டு 'ட்ஸ்' என்று திறக்கும். உடலை மேலே தூக்கிவிடுவது அந்த 'தி'தான். அதை எடுத்துவிட்டால் ஹவுஸ் நடக்கும், ஆடாது.

இப்போது கிக்கை முதல் 'த'விலும், மூன்றாவது தகதிமியின் 'தி'யிலும் மட்டும் வையுங்கள். இரண்டாவது, நான்காவது 'த'வில் சுரீரென்ற ஸ்னேர் மேளம். அடி சமமாக விழாமல் ஒருபக்கம் சாய்ந்து ஓடுகிறது அல்லவா? டிரம் அண்ட் பேஸ் என்னும் வகையின் எலும்புக்கூடு இது. ஸ்னேரை மூன்றாவது 'த'வில் மட்டும் வைத்தால் எல்லாம் பாதி வேகத்தில் நடப்பதுபோல் தோன்றும். டப்ஸ்டெப் பெரும்பாலும் அப்படி அமைந்தது.

அடுத்தது வேகம். ஒரு நிமிடத்தில் எத்தனை 'த' விழுகிறது என்ற எண்ணிக்கையை பிபிஎம் என்பார்கள். 120 பிபிஎம் என்றால் நொடிக்கு இரண்டு. ஹவுஸ் பெரும்பாலும் 120க்கும் 130க்கும் இடையில் இருக்கும். டெக்னோ அதை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ ஓடும். டப்ஸ்டெப் 140ஐ ஒட்டியும், டிரம் அண்ட் பேஸ் 170 சுற்றியும் அமையும். இவை சட்டங்கள் அல்ல, வழக்கங்கள்.

ஆக, ஒரு வகையை அடையாளம் காணக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கிக் எங்கே விழுகிறது என்பது. அடுத்தது, எவ்வளவு வேகம். பாதிப் பெயர்கள் இதிலேயே பிரிந்துவிடும். மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: எது மாறிக்கொண்டிருக்கிறது? அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இனிவரும் ஊர்களில் பார்க்கப்போகிறோம்.

## கிங்ஸ்டனில் ஒரு மின்பொறியாளர்

நான் மிகவும் நேசிக்கும் பகுதி இதுதான் என்பதால் சற்று நின்றுதான் போவேன்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஆஸ்பர்ன் ரடாக் என்பவர் வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதுபார்த்து வந்தார். இசை உலகம் அவரை கிங் டப்பி என்று அறியும். அந்த ஊரில் தெருவில் ஒலிபெருக்கிகளை அடுக்கி மக்களை ஆடவைக்கும் வழக்கம் உண்டு. அதற்காக, பாடகரின் குரலை நீக்கிய இசைத்தட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1970களில் கிங் டப்பி இந்தப் பணியையே கலையாக்கினார். பதிவான பாட்டை எடுத்து, ஒலிக்கலவைப் பலகையில் ஒவ்வொரு வாத்தியமாகத் தணிப்பார். கிதார் ஒரு கணம் தலைகாட்டும், எதிரொலியாக நீண்டு கரையும். பாடகர் ஒரு சொல்லைத் தொடங்குவார், பாதியில் மறைவார். எஞ்சி நிற்பது மேளமும் பேஸும். பேஸ் என்பது பாட்டின் அடித்தளமாக ஓடும் தாழ்ந்த ஸ்வரங்களின் வரிசை.

இந்த இசைக்கு டப் என்று பெயர். புதிதாக ஒரு ஸ்வரம்கூடச் சேர்க்காமல், இருப்பதை எடுத்துவிட்டே புதிய இசையை உண்டாக்க முடியும் என்பதை அவர் காட்டினார். இசைக்கூடத்தின் பலகையே வாத்தியமானது. அதை இயக்கிய பொறியாளர் இசைக்கலைஞரானார். இன்று ஒரு டிஜே பாட்டின் நடுவில் கிக்கை நிறுத்தி, கூட்டத்தைக் காக்கவைத்து, மீண்டும் விடும்போது அந்தக் கையில் கிங்ஸ்டனின் பழக்கம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெர்லினின் பேசிக் சேனல் இணையர் இந்த எதிரொலிகளை டெக்னோவின் நான்கு 'த'வோடு சேர்த்தார்கள். ஒரே ஒரு ஸ்வரக்கூட்டு பத்து நிமிடம் நனைந்து, மங்கி, தெளிந்து வரும். முதன்முறை கேட்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஃபில்டர் மட்டும் மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் பத்து நிமிடம் போதாது.

## சிகாகோவும் டெட்ராய்ட்டும்

இது வெள்ளைக்காரர்களின் விடுதி இசை என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ பெரிதும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் தன்பாலீர்ப்பினரும் கொண்டாடிய இசை. அந்த வெடியில் இசைமீதான வெறுப்பு மட்டும் இல்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதே நகரில் வேர்ஹவுஸ் என்ற கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் அந்த மக்களுக்காகவே 1977 முதல் இசைத்தட்டுகளைப் போட்டுவந்தார். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டபின், இளைஞர்கள் மலிவான டிரம் மெஷின்களை வாங்கித் தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். அந்தக் கூடத்தின் பெயர் சுருங்கியே ஹவுஸ் என்றானது. டிஸ்கோவின் கைதட்டல், பியானோ, தேவாலயப் பாடகர்களின் குரல் ஆகியவற்றை ஹவுஸ் விடவில்லை. அதனால்தான் அதில் எப்போதும் ஒரு மனிதச் சூடு இருக்கிறது.

கார் தொழிற்சாலைகளின் நகரமான டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின நண்பர்கள் வேறு திசையில் போனார்கள். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் இயந்திர இசையை உள்ளூர் வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். குரலைக் குறைத்து, இயந்திரத்தை மறைக்காமல், எதிர்காலத்தைக் கற்பனை செய்தார்கள். 1988இல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பு இதற்கு டெக்னோ என்ற பெயரை உலகெங்கும் நிலைநிறுத்தியது.

ஆகவே கடைவாசலில் ஒலிக்கும் மறுவார்ப்பைப் பற்றி ஒரு சொல். முழுப் பாட்டும் பாடகரும் பல்லவியும் அப்படியே இருக்க, அடியில் கிக் மட்டும் சேர்ந்திருந்தால் அது ரீமிக்ஸ். டெக்னோவில் பாட்டுக்கு அடியில் இயந்திரம் இல்லை. இயந்திரத்தின் மாற்றமே அங்கு பாட்டு.

## ஆசிட்டும் பத்து ராகங்களும்

ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற சிறு வெள்ளிநிறப் பெட்டியைக் கொண்டுவந்தது. பேஸ் வாசிப்பவர் இல்லாதபோது கிதார் கலைஞர் பயிற்சி செய்ய உதவட்டும் என்பது நோக்கம். பேஸ் கிதார் போல அது ஒலிக்கவே இல்லை. விற்காமல் சில ஆண்டுகளில் தயாரிப்பை நிறுத்தினார்கள். பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதை சிகாகோவின் ஃபியூச்சர் குழு இளைஞர்கள் வாங்கி, ஸ்வரவரிசையை ஓடவிட்டுவிட்டு ஃபில்டர் திருகை மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். ஊ, ஆ, ஈ சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்: வரிசை மாறவில்லை, ஒலிநிறம் முறுக்கிக்கொண்டு அலறுகிறது. 1987இல் அவர்கள் வெளியிட்ட பன்னிரண்டு நிமிடத்துக்கு நெருக்கமான அந்தப் பதிவோடு ஆசிட் ஹவுஸ் என்ற வகை பிறந்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1982இல், பம்பாயில் ஒருவர் அதே பெட்டியைக் கையில் எடுத்திருந்தார். இந்தித் திரையிசையில் வாத்தியக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங், டிபி-303, டிஆர்-808, ரோலண்டின் இன்னொரு சிந்தசைசர் ஆகிய மூன்றையும் இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அது விற்கவில்லை, மறக்கப்பட்டது. 2010இல் மறுவெளியீடு வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது, ஏனெனில் அது ஆசிட் ஹவுஸ் போலவே ஒலித்தது. சிகாகோ இளைஞர்கள் அதைக் கேட்டிருந்ததற்குச் சான்று இல்லை. அவரை அந்த வகையின் தந்தை என்று தூக்கிவைப்பதை நான் ஏற்கவில்லை. எனக்கு அதைவிடச் சுவையானது, இரண்டு ஊர்களும் தனித்தனியே அங்கே வந்து சேர்ந்த காரணம்.

ராகத்தில் ஆதார சுருதி மாறுவதில்லை. மேற்கத்தியப் பாட்டைப்போல ஸ்வரக்கூட்டுகள் அடிக்கடி நகர்வதில்லை. குறிப்பிட்ட சில ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர வேண்டும். சீக்வென்சரும் அதையே செய்கிறது. மேலும், டிபி-303இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி ஒன்று இருந்தது. பியானோவால் முடியாத அந்த வழுக்கல் நம் கர்நாடக இசையின் ஜாருவுக்கு நெருக்கமானது. ராகம் கேட்டுப் பழகிய நம் காது ஆசிட்டுக்கு அந்நியமானதே அல்ல.

## சில நொடி மேளம்

1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் இசைத்தட்டு ஒன்றின் மறுபக்கத்தில், மற்ற வாத்தியங்கள் ஓய, கிரெகரி கோல்மன் தனியே நான்கு சுற்று மேளம் வாசிக்கிறார். ஏழு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. இன்று உலகிலேயே மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட ஒலித்துண்டுகளில் அது ஒன்று. அமென் பிரேக் என்று அழைப்பார்கள்.

ஏற்கெனவே பதிவான ஒலியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பயன்படுத்துவதற்கு சாம்பிள் என்று பெயர். நம் மலேசியாவிலேயே இதற்குப் புகழ்பெற்ற உறவினர் உண்டு: யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து ராப்பாக வார்த்தது. அங்கே பழைய பாட்டு நமக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். 1990களின் தொடக்கத்தில் லண்டனின் இளைஞர்கள் செய்தது வேறு. அமென் பிரேக்கை ஒவ்வொரு அடியாகத் துண்டாக்கி, வரிசையை மாற்றி அடுக்கி, வேகத்தை 160க்கு மேல் ஏற்றினார்கள். கோல்மன் ஒருபோதும் வாசிக்காத, எந்தக் கையாலும் வாசிக்க முடியாத மேளம் அதிலிருந்து பிறந்தது. இதுதான் ஜங்கிள். பின்னாளில் இறுகி ஒழுங்குபட்ட அதன் வடிவமே டிரம் அண்ட் பேஸ்.

ஜங்கிளைப் புதிதாகக் கேட்பவர் திணறுவது மேளத்தைத் துரத்துவதால். அதை உருவாக்கியவர்களில் பலர் கரீபியக் குடியேறிகளின் பிள்ளைகள்; டப் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் பேஸ் பாதி வேகத்தில் நடக்கும். நம் கணக்கில் சொன்னால் பேஸ் முதல் காலத்தில், மேளம் இரண்டாம் காலத்தில். பேஸைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுங்கள். மேளம் தானாக மேலே விளையாடும். தபேலா கலைஞர் தல்வின் சிங் இந்த மேளங்களோடு தபேலாவைச் சேர்த்து 1999இல் பிரிட்டனின் மெர்குரி பரிசை வென்றார்.

கோல்மனுக்கு இதிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. அவர் 2006இல் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் தாங்களே நிதி திரட்டிக் கொடுத்தார்கள். சட்டம் செய்யாததை ரசிகர்கள் செய்தது எனக்கு இப்போதும் நெகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் அந்தத் தாமதம் நியாயம் ஆகிவிடாது.

## அடியே இல்லாதபோது

கிக் எங்கே என்று தேடியும் கிடைக்கவில்லையா? நீங்கள் ஆம்பியண்ட் கேட்டுக்கொண்டிருக்கலாம். பிரிட்டிஷ் இசைஞர் பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையத்துக்கென்று வெளியிட்ட தொகுப்போடு இந்தப் பெயர் நிலைத்தது. வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடாக்களைச் சுழலவிட்டார். அவை சேரும் விதம் ஒவ்வொரு சுற்றிலும் வேறுபட்டது. கச்சேரிக்கு முன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நிமிடங்களை ரசிப்பவருக்கு ஆம்பியண்டைப் பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

## அண்டர்கிரவுண்ட் என்பது எது

இந்தச் சொல்லையும் நம்மவர்கள் இருட்டு, போதை, காவல்துறை சோதனை என்றே புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அது ஒலியின் பெயரே அல்ல. இசை எப்படித் தயாராகி எப்படி மக்களிடம் சேர்கிறது என்பதைக் குறிப்பது. பெரிய நிறுவனம், வானொலி, விளம்பரதாரர் ஆகியோரைச் சாராமல் கலைஞர்களே பதிவுசெய்து, அச்சிட்டு, நிகழ்ச்சி நடத்தி, கைமாற்றிக்கொள்வது. அதனால் கிதார் இரைச்சலோடு முரட்டுத்தனமாகப் பாடும் பங்க் இசையும் டெக்னோவும் ஒலியில் எதிரெதிராக இருந்தும் ஒரே கடையில் விற்கும். கோலாலம்பூர் கம்போங் அத்தாப்பில் உள்ள சோங்ஷான் கட்டடத்தில் சுயாதீன இசைத்தட்டுக் கடையும் கலைக்கூடங்களும் அருகருகே இருப்பது இந்தக் காரணத்தால்தான். பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் வார இறுதிப் பழம்பொருள் சந்தையில் இசைத்தட்டுகளைப் புரட்டினால், தமிழ்த் திரைப்பாடல் தட்டுக்கு அடுத்து டிஸ்கோ தட்டு இருக்கும். அந்தக் கலப்பில் கண்டெடுப்பதற்கு எந்தச் செயலியின் பரிந்துரையும் ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

## எதில் கேட்பது

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். கிக்கின் வலிமை சுமார் 50 முதல் 100 ஹெர்ட்ஸில் இருக்கிறது. டப் பேஸ் அதற்கும் கீழே இறங்கும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைத் தர இயலாது. ஆகவே கைப்பேசியில் கேட்பவருக்கு ஹை-ஹேட்டின் 'ட்ஸ் ட்ஸ்' மட்டுமே எட்டுகிறது, பிறகு "வெறும் சத்தம்" என்கிறார். இசையின் பாதி அவருக்கு வரவே இல்லை. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காதில் நன்றாகப் பொருந்தும் சாதாரண ஹெட்போன் போதும். ஒரே பதிவைக் கிக்கை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேளுங்கள், பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை, எது உள்ளே வருகிறது எது வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்து ஒருமுறை. ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஆழம் வேறு, உரப்பு வேறு.

## அடுத்த நிறுத்தங்கள்

லண்டன் தமிழ்ப் பாடகியான எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட கலா தொகுப்பில் உறுமி ஒலிக்கிறது. தண்ணீர்மலையில் கேட்ட அந்தத் தேய்ப்பு, வெட்டி ஒட்டிய மின்னணு மேளத்துக்கு நடுவே எப்படி உட்கார்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் பாலித் தீவில் கேபர் மோடஸ் ஆப்பரண்டி என்ற இருவர் குழு, கேபர் எனப்படும் கடும் வேக டெக்னோவை உள்ளூர்ச் சடங்கு நடனங்களின் இசையோடும் கமெலான் என்னும் உலோகத் தட்டு வாத்தியங்களின் ஸ்வரங்களோடும் இணைக்கிறது. அவர்களில் ஒருவரான காசிமின், ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 2022இல் வெளியிட்ட தொகுப்பில் பங்களித்தார்.

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் சிங்கேலி என்ற இசை 200 பிபிஎம்மையும் தாண்டிப் பாய்கிறது. முதன்முறை அது மூச்சு முட்டவைக்கும். வேகத்தைத் துரத்தாமல் ஜங்கிளில் செய்ததையே செய்யுங்கள்: ஒரு 'த'வை விட்டு ஒரு 'த'வை எண்ணினால் 200 என்பது 100 ஆகிவிடும், தகதிமி மீண்டும் பொருந்தும், அதன்பின் ராப் பாடுபவர் எந்த மாத்திரையில் மூச்சு எடுக்கிறார் என்பதுகூடக் கேட்கத் தொடங்கும்.